இரண்டு வருஷத்து மாமா

எங்கள் மாமா சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். கள்ளக்குறிச்சியில் அவர் காசில் அவரே நின்று கட்டிய வீடு. ஆனாலும் காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும். சட்டை மாட்ட நாலு ஆணியாவது அடியுங்கள் என்று அத்தை நச்சரித்தால், "இன்னாத்துக்குமே செவுத்துல ஓட்ட போடற? இப்போதைக்குக் கதவு மேல போட்டுக்க" என்பார். 'இப்போதைக்கு' என்ற சொல்லைத் தமிழில் முதலில் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் மாமாதான்.

பெயரைச் சொல்ல மாட்டேன். கட்டிக்கொண்ட அத்தையே அவர் பெயரைச் சொன்னதில்லை, நான் எதற்குச் சொல்ல வேண்டும்? தெருவில் அவருக்குச் சிங்கப்பூரார் என்று பெயர். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, பிறகு பத்துப் பதினைந்து பேரை மேய்க்கும் சூப்பர்வைசர் ஆனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு பர்மிட். அது முடிகிற சமயத்தில் ஒரு மாத லீவில் வருவார். தெரு முழுக்கத் தைலம், சோப்பு, பூப்போட்ட குடை. மாதம் முடிந்ததும் அடுத்த இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு போய்விடுவார். என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, இப்படி மாதக் கணக்கில் குடும்பம் நடத்தியவள். அவர்கள் மகள் கோமதியிடம் பள்ளிக்கூடத்தில் "உங்கப்பா இன்னா பண்றாரு?" என்று டீச்சர் கேட்டதற்கு, "லீவுல வருவாரு டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். அதைவிடத் துல்லியமான பதிலை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நடு ராத்திரியில் எழுந்து போவார். சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒன்றே ஒன்றுதான் அவரால் ஆகாது. எதையும் 'இதுதான்' என்று முடிவு செய்ய மாட்டார்.

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அந்தண்டை, கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளையன் என்ற மலைக்காரர். செம்மண், பக்கத்தில் ஓடை, மாமரம் வைத்தால் அப்படி வரும் என்று வெள்ளையன் வருஷா வருஷம் சொல்லுவார். மாமா கேட்பார், "மா வெச்சா எப்ப காய்க்கும்?" அஞ்சு வருஷம் ஆகும் என்பார் வெள்ளையன். "அஞ்சு வருஷமா? யாரு கண்டா? இப்போதைக்கு மல்லாட்ட போடு. மூணு மாசத்துல புடுங்கிடலாம்." பக்கத்து நிலத்துக்காரர் வைத்த மாங்கன்றுகள் மரமாகி, காய்த்து, குத்தகைக்கும் போயின. மாமா நிலத்தில் மட்டும் வருஷா வருஷம் வேர்க்கடலைதான்; மூன்று மாசத்துக்கு மேல் எதற்கும் தங்க அனுமதி கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பர்மிட் என்பது முதலாளி வைத்திருக்கிற வரைக்கும்தான். அதில் இருக்கிறவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. பி.ஆர். என்பது அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி. அது கிடைத்துவிட்டால் குடும்பத்தோடு வீடு எடுத்து இருக்கலாம், பிள்ளையை அங்கேயே படிக்க வைக்கலாம். மாமா மாதிரி கைத்தொழில் சுத்தமாகத் தெரிந்தவர்களுக்கு முதலாளி பரிந்துரைத்தால் கிடைக்கும். மாமாவின் சீன முதலாளி ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கூப்பிட்டு, போடு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த திருநாவலூர்க்காரர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, தலையில் அடித்து, பி.ஆர். போட வைத்தவர் எங்கள் மாமாதான். "வயசு இருக்கறப்பவே போட்றணும்டா. பொண்டாட்டிய அங்க வுட்டுட்டு இங்க இன்னாடா சம்பாரிக்கற?" என்று அவருக்கு அப்படி ஒரு பாடம் எடுத்தாராம். அந்த மனிதர் குடும்பத்தோடு போய், இரண்டாவது பிள்ளையை அங்கேயே பெற்றுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

ஒரு லீவில் நானே கேட்டேன். ஏன் மாமா நீங்கள் மட்டும் போடவில்லை?

"தோ பாரு பாப்பா. பி.ஆர். போட்டா அங்கயே இருக்கணும். போடாம வந்துட்டா இங்கயே இருக்கணும். ரினியூ பண்ணா ரெண்டு எடத்துலயும் இருக்கலாம்."

"ரெண்டு எடத்துலயும் இல்லாமயும் இருக்கலாம் மாமா" என்றேன்.

தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அதோடு சரி.

கடைசியில் என்ன ஆனார் என்று மனசு அடித்துக்கொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். புதுப்பித்தார், புதுப்பித்தார், அந்த நாடே இனிமேல் வயசாகிவிட்டது, வீட்டுக்குப் போ என்று சொல்கிற வரைக்கும் புதுப்பித்தார். வந்து சேர்ந்தபோது கோமதிக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அத்தை அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். பேச்சு மட்டும் போடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அவர் முடிவு செய்வதற்கு நெருக்கத்தில் போன ஒரே ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்கள் சனத்துக்கென்று தனியாகப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். போலீஸ் சுடவும் செய்தது, ஆட்கள் செத்தும் போனார்கள். அதைக் கிண்டல் பண்ண எனக்கு நாக்கு வராது. நானும் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து, அந்தப் பதிவை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டிருந்தவள்தான். புதுப்பிக்கிறதில் எனக்கும் அனுபவம் உண்டு. எனக்கு யாரும் நிரந்தரத்தைத் தட்டில் வைத்து நீட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சமயத்தில் மாமா லீவில் வந்திருந்தார். முதலாளி இந்தத் தடவை கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். வரும்போது மனைவி, மகள் போட்டோவோடு வா, பி.ஆர். போடுவோம், அடுத்த வருஷம் நான் பட்டறையை மகனிடம் விட்டுவிடுவேன், அவன் கையெழுத்துப் போடுவான் என்று சொல்ல முடியாது என்று. அத்தைக்கு இது தெரியும். லீவு முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஊரே ரோட்டுல குந்திக்கினு எடம் குடு, எடம் குடுன்னு கத்துது. உங்களக் கூப்ட்டுக் குடுக்கறான். வாங்கறதுக்கு இன்னா நோவுது உங்களுக்கு?"

"வாங்கலாம்மே. இப்போதைக்கு ரினியூ பண்ணிக்கினு போறன். அடுத்த தபா பாத்துக்கலாம்."

"நான் அங்க வரன்னு சொல்லல. நீங்க இங்க இருக்கணும்னும் சொல்லல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எங்க இருந்தாலும் ஒரே வூட்டுல இருக்கணும், அவ்ளோதான்."

மாமா ரசம் கேட்டார்.

அவர் கிளம்ப வேண்டிய நாளுக்கு முன்னால் சாலைகள் மூடிவிட்டன. பஸ் இல்லை. மெட்ராஸுக்குப் போய் விமானம் ஏற வேண்டும். இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, தியாகதுருகம் வழியாக மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தாவது உளுந்தூர்பேட்டை போய், நெடுஞ்சாலையில் கிடைக்கிற வண்டியைப் பிடிப்பது. இன்னொன்று, கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, சேலத்தில் ரயில் பிடிப்பது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் மாமா இரண்டையும் பிடித்தார்.

முதலில் மலை. விடியற்காலையில் வெள்ளையன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, பாதி மலை வரைக்கும் ஏறிவிட்டார். எதிரே கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த இருவர், கீழே உளுந்தூர்பேட்டை ரோடு சாயங்காலம் திறந்துவிடும் என்று பேச்சு அடிபடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். மாமா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு வெள்ளையன் எங்கள் வீட்டில் வந்து புலம்பினார்.

"மேல போனா நாளைக்கு ரயில்ல ஏறிடலாங்கன்னு சொன்னன். இருய்யான்றாரு. கீழ எறங்கிடலாமான்னு கேட்டன். இருய்யான்றாரு. பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் பாற மேலயே குந்திக்கினு இருந்தாருங்க. அப்பறம் எறங்கலாம்னாரு."

அடுத்த நாள் ரோடு திறக்கவில்லை. மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தியாகதுருகத்துக்கு அப்புறம் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்களில் ஒருவர், தூரத்துச் சொந்தம், அடையாளம் கண்டுகொண்டு, "இன்னா சிங்கப்பூராரே, நம்ப சனம் குந்திக்கினு இருக்குது, நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போறீங்க? வந்து குந்துங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். "இல்லப்பா, நான் இப்போதைக்கு ஊர்ல இல்ல" என்று சொல்லியபடியே மாமா மரத்தில் ஏறினார். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வேன் வந்தது. பிடிக்கும்போது அவருடைய ஒரு கால் மரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் இருந்ததாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதற்கு இவர் கூடுதலாக ஒரு மரத்தையும் சேர்த்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தால் பாஸ்போர்ட், வெளிநாட்டு முத்திரைகள். போலீஸ்காரர்களுக்குத் தலை கால் புரியவில்லை. "ஓகோ, சிங்கப்பூர்லேர்ந்து பணம் வருதா போராட்டத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. "சார், நான் லீவுல வந்தன் சார்" என்று மாமா கெஞ்சியிருக்கிறார். லீவு போட்டுவிட்டு வந்து மரம் வெட்டுகிறாயா என்று இரண்டு அறை. பிடித்தவர்களோடு சேர்த்துக் கடலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். விமானம் போனது. பர்மிட்டும் தேதி தாண்டியது.

ஜெயிலில் ரிமாண்ட் என்பது பதினைந்து நாள். முடிந்தால் இன்னொரு பதினைந்து நாள் நீட்டிப்பார்கள். நாங்கள் முதல் தடவை பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா சொன்னார், "இப்போதைக்குப் பதினஞ்சி நாளு போட்டிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடம் மாறினாலும் மனுஷன் அவருடைய முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

அத்தை சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் கிளம்பினாள். அதற்கடுத்த வாரமும். பஸ் ஓடாத நாளில் டிராக்டரிலும் லாரியிலும் தொற்றிக்கொண்டு போனோம். எதிரே இருந்த டீக்கடையில் பொறையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பாள். கோமதியின் பரீட்சை, வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடம், மல்லாட்டையில் பூச்சி என்று ஒரு வாரத்து விஷயம் அத்தனையும் வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்லுவாள். மாமாவும் கேட்பார். திரும்பி வரும்போது அத்தையின் முகம் தெளிந்திருக்கும். ஒரு தடவை பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஜெயிலுக்குப் போகிறவள் பூ வைக்கிறாளே என்று என் அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

வக்கீல் வந்தார். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், நிலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றார். என் அப்பாவும் சித்தப்பாவும் உடனே சரி என்றார்கள். அத்தை, "அடுத்த வாரம் பாக்கலாண்ணா" என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டின புருஷனை வெளியே எடுக்க வேண்டாம் என்கிறாளா? அப்பா கத்தினார். அத்தை அசையவில்லை. அந்த வாரம் ஜெயிலுக்குப் போனதும் வலை ஓரமாகப் போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஜாமீன் ரெடி ஆயிருக்குது. வெளிய வந்து இன்னா பண்ணப் போறீங்க?"

"வெளிய வந்து பேசிக்கலாம்மே."

"அப்ப உள்ளயே இருங்க."

வாங்கிப் போன பழத்தைக்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே மாதிரி மழுப்பல், அதே மாதிரி திரும்பல். மூன்றாவது வாரம் மாமா தாடியும் மீசையுமாக வந்து நின்றார். அத்தை கேட்பதற்கு முன்னாலேயே, "போடறன்மே. பி.ஆர். போடறன். உன்னையும் கோமதியயும் கூட்டினு போறன்" என்றார். எங்களுக்கு முன்னால், காவலருக்கு முன்னால் சொன்னார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

கடைசியில் அந்த ஜாமீனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அரசாங்கத்தோடு பேச்சு நடந்து, எல்லாரையும் விட்டுவிட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மாலையோடு கூட்டம் நின்றது. விமானத்தைப் பிடிக்க மரத்தில் ஏறியவருக்கு, மரத்தை வெட்டியவர் என்று மாலை. மேடையில் ஏற்றி, வெளிநாட்டு வேலையையே துறந்து வந்த தியாகி என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். மாமா மறுத்தாரா? இல்லை. ஒப்புக்கொண்டாரா? அதுவும் இல்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

முதலாளி நல்ல மனிதர். இடம் காலியாகத்தான் இருக்கிறது, பர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பேசியபடி போட்டோவோடு உடனே வா என்று தந்தி கொடுத்தார். அத்தை கோமதிக்குப் புதுப்பாவாடை கட்டி, ஸ்டுடியோவில் போய் போட்டோ எடுத்தாள். அத்தைக்கு இரண்டு தோளும் ஒரே மட்டமாக வரவில்லை என்று போட்டோக்காரர் இரண்டு தடவை எடுத்தார். மாமாவை வழியனுப்பிய மறுவாரமே கறவை மாட்டை என் அம்மாவிடம் ஓட்டி வந்து கட்டிவிட்டாள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டாள். அங்கே கத்தரிக்காய் கிடைக்குமா, கோயில் இருக்கிறதா, குளிருமா என்று என்னைக் கேட்டுத் துளைத்தாள். நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி பதில் சொன்னேன்.

மூன்று மாசம் கழித்து, திருநாவலூர்க்காரர் லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்தார். தைலம், சோப்பு, ஒரு பூப்போட்ட குடை கொண்டுவந்து வைத்தார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மொதலாளி பி.ஆர். காயிதம், ரினியூ காயிதம் ரெண்டையும் மேச மேல வெச்சிட்டாரு தங்கச்சி. நான் பக்கத்துலதான் நின்னன். அண்ணன் ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தாரு. அப்பறம் ரெண்டு வருஷத்துக்கு ரினியூ பண்ணிட்டாரு. அடுத்த தபா போட்றலான்னாரு."

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. மாமாவை எனக்குப் பிடிக்கும், அவர் சிரிப்பு பிடிக்கும், அவர் எனக்குக் கொடுத்த பேனாவில்தான் பிற்பாடு வேலைப் பரீட்சை எழுதினேன். ஆனால் அன்றைக்கு அவர் என் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அத்தை அடுப்படிக்குப் போனாள். அந்த மனிதருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மறுநாள் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு தை மாசம், கடலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் அத்தையும் போனோம். பஸ் ஜெயில் பக்கம் வந்ததும் அத்தை என்னை இடித்து, "எறங்கு" என்றாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். எதிர் டீக்கடையில் போய் எப்போதும் உட்காருகிற பலகையில் உட்கார்ந்தாள். கடைக்கார அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா, திரும்பவும் உள்ள புட்ச்சிப் போட்டாங்களா உங்க வூட்டுக்காரர?"

"இல்லம்மா. அப்பவே வுட்டுட்டாங்களே."

"அப்பாடா. சந்தோஷம்மா."

அத்தை டீயை வாங்கி ஆற்றிக்கொண்டே ஜெயில் மதிலைப் பார்த்தாள்.

"இன்னா சந்தோஷம் போ. உள்ள இருந்தாரு, வாரா வாரம் பாத்தன். வெளிய வுட்டாங்க, போயிட்டாரு."